குற்றத்தால் பாதிக்கப்பட்டால் இழப்பீடு கிடைக்குமா? ஜெராம் வட்டாரத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள்

2024 ஜூலை மாதம். டிக்டாக்கில் ஈஷா என்ற பெயரில் அறியப்பட்ட ஏ. ராஜேஸ்வரி, இணையத்தில் தொடர்ந்து வந்த மிரட்டல், அவதூறு குறித்து போலீசில் புகார் செய்தார். மறுநாளே அவர் உயிரோடு இல்லை. அவரைப் பற்றி இழிவாகப் பேசியதை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, 1955-ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பிரிவில் அதிகபட்ச அபராதமே அவ்வளவுதான்.

"ஒரு உயிருக்கு 100 வெள்ளியா?" என்று நாடு முழுவதும் கேட்டார்கள். அந்தக் கோபத்தின் விளைவாகச் சட்டம் மாறியது. ஆனால் அந்த நேரத்தில் பலர் கேட்காத இன்னொரு கேள்வி உண்டு. அபராதப் பணம் யாருக்குப் போகிறது?

பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு அல்ல. அது அரசாங்கக் கணக்குக்குப் போகிறது.

குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கிடைப்பது வேறு, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைப்பது வேறு. இரண்டாவது விஷயம் மலேசியாவில் தானாக நடக்காது. கேட்க வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் கேட்க வேண்டும். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரங்களில் இருக்கும் நம்மவர்கள் எங்கே போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

இழப்பீட்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426-வது பிரிவுதான் இதில் முக்கியம். குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவர், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். அரசு தரப்பு வழக்கறிஞர், அதாவது டிபிபி, இதற்காக விண்ணப்பித்தால் நீதிமன்றம் அதைப் பரிசீலித்து உத்தரவு போட வேண்டும்.

தொகையை முடிவு செய்யும்போது நீதிமன்றம் பார்ப்பவை இவை:

- என்ன மாதிரியான குற்றம்
- பாதிக்கப்பட்டவருக்கு ஏற்பட்ட காயம்
- அதற்காக ஆன செலவு
- சேதமான அல்லது தொலைந்த பொருளின் மதிப்பு
- வேலைக்குப் போக முடியாமல் இழந்த வருமானம்
- குற்றவாளியால் எவ்வளவு கட்ட முடியும்

குற்றவாளிக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால், அவருடைய பெற்றோரோ பாதுகாவலரோ கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட முடியும்.

இதில் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. ஒன்று, குற்றவாளி பிடிபட்டு, குற்றம் நிரூபணமானால்தான் இந்தப் பிரிவு வேலை செய்யும். இரண்டு, விண்ணப்பம் செய்வது டிபிபியின் கையில் இருக்கிறது. அவர் கேட்கவில்லை என்றால் பேச்சே எழாமல் போகலாம்.

அப்படியென்றால் எப்போது கேட்பது?

உதாரணத்துக்கு ஒன்றைப் பார்ப்போம். ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு அக்கா, அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். வழியில் இரண்டு பேர் கைப்பையைப் பறிக்கிறார்கள். அவர் கீழே விழுந்து கை உடைகிறது. இரண்டு மாதம் வேலை இல்லை. ஒரு வாரத்தில் ஆள் பிடிபடுகிறான். நீதிமன்றத்தில் நிறுத்திய முதல் நாளே, "ஆமாம், நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்கிறான். அன்றைக்கே தண்டனையும் விதிக்கப்படுகிறது.

அக்காவுக்கு இது எதுவுமே தெரியாது. சாட்சி சொல்லத் தேவைப்படாததால் யாரும் அவரை அழைக்கவில்லை. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பையில் இருந்த நகை எல்லாம் எவ்வளவு என்று நீதிமன்றத்தில் சொல்ல ஆள் இல்லை. வழக்கு முடிந்துவிட்டது. இழப்பீடு கேட்கும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது.

இது நடக்காமல் இருக்க, ஆள் பிடிபடும்வரை காத்திருக்கக் கூடாது. வழக்கைப் பார்க்கும் விசாரணை அதிகாரியிடம் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்களை எழுத்தில் கொடுங்கள். "426-வது பிரிவின் கீழ் எனக்கு இழப்பீடு வேண்டும், டிபிபியிடம் தெரிவியுங்கள்" என்பது முதலாவது. "ஆள் மீது குற்றம் சாட்டும் தேதியை எனக்குச் சொல்லுங்கள்" என்பது இரண்டாவது. கடிதத்தின் நகலில் வாங்கிக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாளில் என்ன பண்ணணும்?

உயிருக்கு ஆபத்து என்றால் 999. காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை. குவாலா சிலாங்கூர் மாவட்டத்தில் தஞ்சோங் காராங் மருத்துவமனை இருக்கிறது. ஜெராமில் இருந்து கிள்ளான் பக்கம் போகிறவர்களுக்கு தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை.

பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, சிறுவர் வதை ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓஎஸ்சிசி என்ற ஒருங்கிணைந்த நெருக்கடி உதவி மையம் உண்டு. முதல் மையம் 1994-ல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. சிகிச்சை, தடய சேகரிப்பு, ஆலோசனை, போலீஸ், சமூக நலத்துறை என்று ஒவ்வொரு இடமாக அலையாமல் ஒரே இடத்தில் உதவி பெறுவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பாலியல் தாக்குதல் நடந்திருந்தால் குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போவது நல்லது. தடயங்கள் அழியாமல் இருக்கும்.

அடுத்தது போலீஸ் புகார். "இது எங்க ஏரியா இல்லை, அந்த பாலாய்க்குப் போங்க" என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். மலேசியாவில் எங்கே நடந்த குற்றமாக இருந்தாலும், அதைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்வது போலீஸ் அதிகாரியின் கடமை என்று 107-வது பிரிவு சொல்கிறது. கிள்ளானில் நடந்த சம்பவத்துக்கு ஜெராமிலேயே புகார் கொடுக்கலாம்.

புகாரின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். கூடவே ஒரு கோப்பு தொடங்குங்கள்:

- மருத்துவ அறிக்கை, மருந்து ரசீது, மருத்துவ விடுப்புச் சீட்டு
- காயங்களின் படம், தேதியோடு
- சம்பளச் சீட்டு, வேலைக்குப் போகாத நாள்களின் கணக்கு
- தொலைந்த பொருளின் ரசீது அல்லது படம்
- மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வந்த செலவு
- மிரட்டல் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்

நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும்போது வெறும் வாய்வார்த்தையை வைத்து எடை போடாது. இந்தக் கோப்புதான் பேசும்.

பாட்டிக்கு மலாய் தெரியாது, என்ன செய்வது?

தோட்டப்புறத்தில் இது பெரிய பிரச்சினை. வாக்குமூலம் மலாய் மொழியில் எழுதப்படும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

112-வது பிரிவு இதற்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. விசாரணையில் பதிவு செய்யப்படும் வாக்குமூலத்தை, அதைக் கொடுத்தவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். திருத்தம் செய்ய வாய்ப்பும் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. பாட்டி தமிழில் சொல்லியிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்பது அவருடைய உரிமை. வீட்டில் இரண்டு மொழியும் தெரிந்த பேரப்பிள்ளை இருந்தால், கூடப் போய் இதை மரியாதையாக நினைவுபடுத்தினாலே போதும்.

கேஸ் என்ன ஆச்சு என்று யாரும் சொல்வதில்லையே?

கேட்டால் சொல்ல வேண்டும். 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்து 4 வாரம் ஆன பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவர் கேட்கலாம். கேட்ட நாளில் இருந்து 2 வாரத்துக்குள் போலீஸ் நிலையப் பொறுப்பதிகாரி நிலவரத்தைத் தெரிவிக்க வேண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றங்களுக்கு இது பொருந்தாது. விசாரணையைப் பாதிக்கும் விவரங்களையும் தர மாட்டார்கள்.

2 வாரத்தில் பதில் வரவில்லையா? பொது அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம். அவர் மாவட்டப் போலீஸ் தலைவரிடம் விளக்கம் கேட்பார். இந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுப்பதே நல்லது.

நீதிமன்றத்தில் என் பக்கம் யார் பேசுவார்?

டிபிபி உங்கள் வழக்கறிஞர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர் அரசாங்கத்தின் சார்பில் வழக்கை நடத்துகிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வசதி இல்லை என்றால், 2011-ல் அமைக்கப்பட்ட தேசிய சட்ட உதவி அறவாரியம் மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பாதிக்கப்பட்டவர் அந்த வழக்கில் பெரும்பாலும் ஒரு சாட்சி மட்டுமே.

ஆனாலும் பேசுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. 183ஏ பிரிவின்படி, தண்டனை விதிப்பதற்கு முன்னால், பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தினரோ கேட்டுக்கொண்டால், இந்தக் குற்றம் தங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று நீதிமன்றத்தில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். நேரில் வர முடியாதவரின் எழுத்து வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளலாம். "கேட்டுக்கொண்டால்" என்ற சொல்லை இங்கேயும் கவனியுங்கள்.

வசதி இருந்தால் ஒரு வழக்கறிஞரை வைத்து, உங்கள் சார்பில் வழக்கைக் கவனிக்கச் சொல்லலாம். அவர் வாதாட மாட்டார். ஆனால் தேதிகள் தவறாமல் பார்த்துக்கொள்வார், இழப்பீட்டுக் கோரிக்கையை டிபிபியிடம் நினைவுபடுத்துவார்.

பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் கூடுதல் பாதுகாப்பு உண்டு. 2007-ஆம் ஆண்டு சிறுவர் சாட்சிச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்காமல், திரைக்குப் பின்னால் இருந்தோ நேரலைக் காணொளி மூலமோ பிள்ளை சாட்சி சொல்ல வழி செய்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க, சட்ட உதவித் துறையில் வழித்துணைச் சேவையும் உண்டு.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்று பிள்ளைக்கு நடந்ததை மறைப்பது தவறு மட்டும் அல்ல, குற்றமும் கூட. 2017-ஆம் ஆண்டு சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதை 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டம் தடை செய்கிறது. நாமும் வாட்ஸ்அப் குழுவில் பகிராமல் இருக்க வேண்டும்.

அடிப்பது வீட்டு ஆள் என்றால்?

1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மூன்று வகைப் பாதுகாப்பு உத்தரவுகளைத் தருகிறது.

அவசரப் பாதுகாப்பு உத்தரவு: சமூக நலத்துறை அதிகாரி தருவது. 7 நாள் செல்லும். போலீஸ் புகார் இல்லாமலும் கிடைக்கும்.

இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு: போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் தருவது.

பாதுகாப்பு உத்தரவு: வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு தருவது. 12 மாதம் வரை செல்லும், மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம்.

இதன் அர்த்தம் உடல் காயம் மட்டும் அல்ல. மன ரீதியான துன்புறுத்தல், மிரட்டல், ஏமாற்றிப் பணத்தையும் சொத்தையும் எடுத்துக்கொள்வது ஆகியவையும் இதில் அடங்கும். கணவன் மனைவிக்கு மட்டும் அல்ல, முன்னாள் துணைவர், பிள்ளைகள், குடும்பத்தின் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

இதே சட்டத்தின் 10-வது பிரிவு இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. வலி, வேதனை, மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், உடைந்த பொருள்கள் ஆகியவற்றோடு, வீட்டை விட்டு வெளியேறித் தனியாகத் தங்க ஆன செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். "வெளியே போனா சாப்பாட்டுக்கு என்ன பண்றது" என்று யோசித்துத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தத் தகவல் முக்கியம். வாடகை ரசீதையும் வண்டிச் செலவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வேலையிடத்தில், இணையத்தில் தொல்லை என்றால்?

பாலியல் தொல்லைக்கு எதிரான 2022-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் ஒரு தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. 2024 மார்ச் 8 முதல் அது புகார்களைப் பெறுகிறது. பொதுவாக இங்கே வழக்கறிஞர் இல்லாமலே உங்கள் வழக்கை நீங்களே சொல்லலாம். விசாரணை தொடங்கிய நாளில் இருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு சொல்ல முயல வேண்டும். 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து, செய்தி அனுப்பி, பயமுறுத்துவது 2023 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். 507ஏ பிரிவு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழி செய்கிறது.

ஈஷா மரணத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்ட 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11-ல் நடப்புக்கு வந்தன. பகடிவதை இனி வெறும் 100 ரிங்கிட் விவகாரம் அல்ல. ஒருவரைத் தூண்டி உயிர் இழக்கும் நிலைக்குத் தள்ளினால் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும்.

ஆள் பிடிபடவே இல்லை என்றால்?

கசப்பான பதில்தான். குற்றவாளி கிடைக்கவில்லை என்றால் 426-வது பிரிவு உதவாது. குற்றத்தால் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் அரசாங்கமே இழப்பீடு தரும் பொது நிதி மலேசியாவில் இல்லை.

மற்ற நாடுகளில் நிலைமை வேறு. நியூசிலாந்து 1963-லும் பிரிட்டன் 1964-லும் இப்படிப்பட்ட திட்டங்களைத் தொடங்கின. இந்தியாவில் 2009-ல் குற்றவியல் சட்டத்தில் சேர்த்த 357ஏ பிரிவு, மாநில அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும் என்றது. அதன்படி தமிழ்நாட்டில் 2013-ல் ஒரு திட்டம் வந்தது. குற்றவாளி யார் என்றே தெரியாவிட்டாலும் அங்கே சட்டப் பணிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் 2018-ல் செய்த திருத்தத்தின்படி, இழப்பீட்டு உத்தரவு போடாத நீதிமன்றம் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அரசாங்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி உதவி செய்ய முயல வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1985-லேயே பிரகடனம் செய்தது.

நமக்கு இப்போதைக்கு இருக்கும் ஒரு மாற்று வழி, சொக்சோ. வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ சம்பவம் நடந்திருந்தால், பயண விபத்தாக அதை ஏற்றுக்கொள்வார்களா என்று முதலாளி மூலம் உடனே விண்ணப்பித்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் வந்த அக்காவும் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். வேலைக்குத் தொடர்பே இல்லாத சம்பவத்தில் ஒரு தொழிலாளி இறந்தாலும், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், வாரிசு ஓய்வூதியம் குடும்பத்துக்குக் கிடைக்கலாம். குற்றத்தில் இறந்தவர் என்பதற்காக அது மறுக்கப்படாது. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிட வேண்டாம்.

தனியாக வழக்குப் போட முடியுமா?

முடியும். குற்ற வழக்கு ஒரு பாதை, சிவில் வழக்கு இன்னொரு பாதை. 426-ன் கீழ் கொஞ்சம் பணம் கிடைத்திருந்தாலும், மீதி நஷ்டத்துக்கு சிவில் வழக்குத் தொடுக்கும் உரிமை போகாது. 2009 ஜனவரியில் போலீஸ் காவலில் இறந்த ஏ. குகனின் தாயார் இந்தப் பாதையில்தான் போனார். 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

காலக்கெடுவை மறந்துவிடக் கூடாது. பொதுவாக 6 ஆண்டு. அரசாங்கம் அல்லது அரசு ஊழியர் மீது என்றால் 36 மாதம். இறந்தவரை நம்பி வாழ்ந்த குடும்பம் கேட்கும் வழக்கு என்றால், இறந்த நாளில் இருந்து 3 ஆண்டு. கட்டணத்துக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ ஆலோசனை கேட்கலாம்.

யாரை அழைக்கலாம்?

- அவசரம்: 999
- குடும்ப வன்முறை, சிறுவர் வதை, பாலியல் வன்முறை: தாலியான் காசே 15999, 24 மணி நேரமும்
- இணைய மோசடியில் பணம் போனால்: 997. வங்கிக் கணக்கில் இருந்து பணம் அடுத்த கைக்கு மாறும் முன்னால், தாமதிக்காமல் அழைக்க வேண்டும்
- மனம் உடைந்திருந்தால்: ஹீல் 15555, அல்லது பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929

இதைப் படிக்கும் உங்களுக்கு மலாய், ஆங்கிலம் இரண்டும் சரளமாக வரலாம். உங்கள் தோட்டத்தில், தாமானில் இருக்கும் அத்தைக்கோ தாத்தாவுக்கோ அப்படி இல்லாமல் இருக்கலாம். யாராவது பாதிக்கப்பட்டால், கூடப் போங்கள். புகார் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். தண்டனை விதிக்கப்படும் முன்பே, "426-ன் கீழ் இழப்பீடு வேண்டும்" என்று அவர் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.